நாற்காலியில் ஒரு முள்பூ

டெவன் பக்கத்து ஆஷ்கூம் மாளிகையில் ‘உட்காராதீர்கள்’ என்று பலகை கிடையாது. டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்க வந்தவர்களை அதட்டுவது பெரிய குடும்பத்துக்கு அழகல்லவே! பழைய நாற்காலி ஒவ்வொன்றின் மேலும் ஒரு காய்ந்த முள்பூ இருக்கும். பார்த்தவர்கள் தாமாகவே நகர்ந்துவிடுவார்கள். ஞாயிறு காலைகளில் அதை வைப்பது எனிட் டாரன்ட்டின் வேலை. தோட்டத்தில் வளர்த்துக் கொடுத்தவன் அவள் கணவன் வில்ஃப்.

கல்யாணமான நாளிலிருந்து மாளிகையில் தோட்டக்காரனுக்கென்று ஒதுக்கிய வீட்டில்தான் குடித்தனம். வேலை இருக்கும்வரைதான் வீடு. பழைய எஜமானர் மட்டும், "ரெண்டு பேரும் கடைசிவரைக்கும் இங்கேயே இருங்க" என்று சொல்லியிருந்தார். வாய்ச்சொல் நீர்மேல் எழுத்து என்று எனிட்டுக்குத் தெரியும். எழுதி வாங்கச் சொல்லி நச்சரித்தாள்.

"அவர்கிட்ட போய்ப் பத்திரம் கேக்கறதா? மானம் போயிடும்டி" என்று வில்ஃப் அவள் வாயை அடைத்தான்.

எஜமானர் போய்ச் சேர்ந்தார். பின்னாலேயே வில்ஃபும் போனான். அடக்கம் முடிந்த கையோடு எஜமானரின் மகன் பியர்ஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். வரவேற்பறையில் எல்லா நாற்காலியிலும் அவள் கையால் வைத்த முள்பூ. அவர் சொன்னதை அவள் நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

"மாளிகைக் கூரை ஒழுகுது, எனிட். ஜனம் வந்தாத்தான் இதைக் காப்பாத்த முடியும். உங்க வீட்டையும் திறந்து காட்டலாம்னு இருக்கோம்."

"ஐயா குடுத்த வாக்கு, சார்…"

"அப்பா யாருக்குத்தான் வாக்கு குடுக்கல?"

கல்நெஞ்சர் என்று சொல்ல முடியாது, அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரை வைத்துக்கொண்டு அவள் எங்கே குடியிருப்பாள்?

நகரத்தில் மாடியில் ஓர் அறை கிடைத்தது. வில்ஃபின் நாற்காலி அந்தப் படிக்கட்டில் ஏறவில்லை. "இங்கேயே இருக்கட்டும், பத்திரமா பாத்துக்கறோம்" என்றார் பியர்ஸ்.

வசந்தத்தில் ஒரு ஞாயிறு, மனசு கேட்காமல் பஸ் ஏறிப் போனாள். தன் வீட்டுக்குள் போக டிக்கெட் வாங்கினாள். அடுப்பின் மேல் அவளுடைய கெட்டில் அப்படியே இருந்தது. அடுப்போரம் வில்ஃபின் நாற்காலி. அவன் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளத்தில் ஒரு முள்பூ. அவன் கடைசியாகக் காயவைத்த கொத்திலிருந்து எடுத்தது.

கால் கடுத்தது. பூ ஒரு பக்கம் சரிந்திருந்தது. பழகிய கை தானாகப் போய் அதை நடுவில் நிமிர்த்தி வைத்தது.

"அதைத் தொடாதீங்கம்மா, உட்காரவும் கூடாது" என்றாள் புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண்.

"தெரியும்மா" என்று எனிட் கையை எடுத்துக்கொண்டாள்.