இரண்டு ஜமீன் தேடிப் போனேன்

ஐம்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமான வருடம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் தென்காசி ஸ்டேஷனிலிருந்து அருவிக்கு ஆட்களை ஏற்றிப் போகும் குதிரை வண்டிக்காரர். "கூட்டம் கொறையட்டும், ஒன்னய அருவிக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்" என்று சொல்லியிருந்தார். நானும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் யாரோ ஒரு சவாரிக்காரன் வண்டியில் விட்டுவிட்டு ஓடிய மூட்டைக்குள் கஞ்சா இருந்தது. அகப்பட்டது வண்டிக்காரர்தான். குதிரையை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவரைச் சப்-ஜெயிலில் போட்டார்கள்.

கஞ்சா கேஸ் என்றதும் சொந்தபந்தம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டில் நானும் குதிரையும்தான். சாயங்காலமானால் அது ரோட்டைப் பார்த்துக் கனைக்கும். எனக்குப் பொறாமையாக இருக்கும். அந்தக் காலத்தில் புருஷன் பேரை வாய்விட்டுக் கூப்பிடக்கூட எங்களுக்கு வழக்கமில்லையே.

வக்கீல் குமாஸ்தாவிடம் போய் அழுதேன். "ரெண்டு ஜாமீன் கூட்டிட்டு வாம்மா, விட்டுருவாவ" என்றார். என் காதில் ஜமீன் என்றுதான் விழுந்தது. பெரிய கேஸ் அல்லவா, ஜமீன்தாரே வந்து சொன்னால்தான் விடுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஜமீனுக்கே வழியில்லை, இரண்டுக்கு எங்கே போவேன்?

பஸ் பிடித்து, பக்கத்தில் இருந்த ஒரு பழைய அரண்மனைக்குப் போனேன். ஜமீன் ஒழிந்து சில வருடமாகியிருந்தது. அது எனக்கு எங்கே தெரியும்? யானையும் பல்லக்கும் இருக்கும் என்று போனால், பனியனோடு ஒருவர் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, ஜமீன் எங்க இருக்காவ?" என்றேன்.

"நாந்தாம்மா. என்ன வேணும்?"

அவரிடமே எல்லாவற்றையும் கொட்டினேன். "இன்னொரு ஜமீனும் வேணுமாம். ஒங்களுக்குத் தெரிஞ்சவுக இருந்தாச் சொல்லுங்க" என்றும் கேட்டுவைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அது ஜமீன் இல்லம்மா, ஜாமீன். நெலம் நீச்சு இருக்க ஆளு யாரும் நிக்கலாம். 'இவன் ஓடமாட்டான், நான் பொறுப்பு'ன்னு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

"அப்ப நீங்க வேண்டாமா?" என்றேன், ஏமாற்றமாக.

அப்போதுதான் சிரித்தார். "எனக்கும் கொஞ்சம் நெலம் மிஞ்சியிருக்குல்லா. என்னையும் சேத்துக்கோ." உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வீட்டு விவசாயி ஒருவரையும் கையோடு கூட்டிக்கொண்டார்.

கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் ஜமீனிடம், "இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. என் வீட்டுக்காரரை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார்!

"இவனத் தெரியாதுங்கய்யா. இவன மீக்க ரெண்டு ஜமீனத் தேடிட்டு வந்துச்சே, அந்தப் பிள்ளயத் தெரியும். அது இருக்க ஊர விட்டுட்டு இவன் எங்கயும் ஓடமாட்டான்" என்றார்.

மாஜிஸ்ட்ரேட் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஜாமீன் கொடுத்தார். வண்டி இன்னும் போலீசிடம் இருந்ததால், அன்று மாலை சாரலில் நனைந்தபடி இரண்டுபேரும் அருவிக்கு நடந்தே போனோம். பின்னால் கேஸும் தள்ளுபடியானது.

ஊரைவிட்டு ஓடமாட்டான் என்று அன்று ஜமீன் கொடுத்த வாக்கை என் வீட்டுக்காரர் கடைசிவரை காப்பாற்றினார். போன ஐப்பசியில்தான், என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய்ச் சேர்ந்தார். இப்போதும் சாரல் விழுந்தால் வாசலில் போய் நிற்கிறேன். இந்தத் தடவை அவரை மீட்டு வர எந்த அரண்மனைக்குப் போய் ஜாமீன் கேட்பது என்றுதான் தெரியவில்லை.