பெஞ்சுக்கும் பாடு

நிலத்தை ஐந்து திணைகளாக வகுத்தவர்கள் நம் முன்னோர். ஆறாவதாக ஒன்றை வகுத்தது அரசின் வீட்டுவசதித் திட்டம். அதன் பெயர் காலனி. அத்திணையின் தலைவி எப்சிபா. தொழில், திருப்பாலைவனத்து வயல்களில் நாற்று நடுதல்; பொழுதுபோக்கு, ஒழுகும் தளத்துக்கு அடியில் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்தல்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு பழவேற்காட்டு ஏரிக்கரையில் வீடுகள் எழுந்தபோது, மீனவர்களுக்குச் சாலையின் கிழக்கே குப்பம் என்று ஒரு வரிசையும் கூலிக் குடும்பங்களுக்கு மேற்கே காலனி என்று ஒரு வரிசையும் ஒதுக்கப்பட்டன. அதுவரை ஒரே குழாயடியில் சண்டையிட்டவர்கள், அதன்பின் சண்டைக்கும் சாலையைக் கடக்க வேண்டியதாயிற்று. பள்ளியும் பக்கத்துக்கு ஒன்று. பிள்ளைகள் குறையவே மேற்குப் பள்ளி மூடப்பட்டது; எப்சிபாவின் மகள் ஜெஸ்ஸி கிழக்கே படிக்கப் போனாள்.

சில நாளில் அவள் முறையிட்டாள்: "டீச்சர் எழுதுறது தூணுக்கு அந்தப் பக்கம்மா. பாதிக் கணக்குதான் தெரியுது."

எப்சிபா போய்ப் பார்த்தாள். குடியிருப்பின் வரைபடமே வகுப்பறைக்குள் விரிந்திருந்தது. முன் பெஞ்சுகளில் குப்பத்துப் பிள்ளைகள். நடுவே சாலைபோல் ஒரு நடைவழி. தூணுக்குப் பின்னால், தரையில், காலனி.

"தெருவாரியா உட்கார வெச்சா பேர் கூப்பிட சுலபம்," என்றார் கஸ்தூரி டீச்சர். "பெஞ்சு குப்பத்து ஊர்க்காசுல வாங்கினது. அவங்க தலைவரைக் கேளுங்க."

தலைவர் தமிழ்வாணனைக் காண எப்சிபா தேர்ந்தெடுத்தது பாடு போடும் நாளை. ஏரியில் மீன் நிறைந்த இடமும் உண்டு, வெறும் சேறும் உண்டு. யாருக்கு எந்த இடம் என்று கோயில் முன் சீட்டெடுத்து, முறைவைத்து மாற்றிக்கொள்வதே பாடு. கற்பூரம் எரிகையில் சொன்ன சொல்லை அங்கே யாரும் திரும்பப் பெறுவதில்லை.

"இன்னாம்மா, உனுக்கும் வலை வேணுமா?" என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது.

"வேணாம் தலைவரே. ஒரு சந்தேகம். நல்ல எடத்த நீங்களே எப்பவும் வெச்சிக்கினா இன்னா?"

"அதெப்டி? ஏரி இன்னா எங்க நைனா சொத்தா? எல்லாருக்கும் வயிறு இருக்குதுல்ல." கற்பூரம் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

"எம்பொண்ணுக்கும் கண்ணு இருக்குது. பெஞ்சுக்கும் பாடு போடுங்க."

"பெஞ்சு நாங்க வாங்கினதும்மா."

"வலையும் நீங்க வாங்கினதுதான். எடத்துக்குத்தானே சீட்டு?"

தலைவர் சுற்றிலும் பார்த்தார். மீன் விற்கும் கோவிந்தம்மா, "இன்னாடா முழிக்கிற? சாமி கேட்டுக்கினு கீது," என்றாள். வேறு வழியில்லை; பிள்ளைகளின் பெயர்களுக்கும் சீட்டு எழுதினார்கள்.

முதல் வாரம் ஜெஸ்ஸிக்கு முன் பெஞ்சு. தூணின் பின்புறம் தலைவரின் மகள் மஞ்சுவுக்கு விழுந்தது.

மறுநாளே தலைவர் சாலையைக் கடந்து எப்சிபாவின் வாசலில் நின்றார். "மஞ்சுவுக்குப் போர்டு தெரிலியாம்மா."

"தெரியாது தலைவரே. தூணு பெருசு."

"இது இன்னா அநியாயம்?"

"அதத்தான் நானும் சொன்னேன். உக்காருங்க, டீ போடுறேன்."

அந்த வாரமே கரும்பலகை பக்கவாட்டு நீளச் சுவருக்கு மாறியது. தரையில் கிடந்தவர்களுக்கும் பெஞ்சு வந்தது. வீடுகள் சாலைக்கு இருபுறமும் அப்படியே நிற்கின்றன. வகுப்பில் மட்டும் வாரந்தோறும் இடம் மாறுகிறது. எங்கே உட்கார்ந்தாலும் ஜெஸ்ஸிக்கு இப்போது முழுக்கணக்கும் தெரிகிறது. விடைதான் பாதிநாள் தப்பாக வருகிறது. எப்சிபா திட்டுவதற்கு இனித் தூணும் இல்லை, தலைவரும் இல்லை.