மாமா படுக்க வைத்த ராஜா

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகவே நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒன்பதாவது படிக்கும்போது எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

அந்த ஐப்பசியில் மாவட்டச் சதுரங்கப் போட்டிக்கு விழுப்புரம் போய் இரண்டு நாள் தங்க வேண்டியிருந்தது. "உன் மாமாவ ஜெயிச்சுக் காட்டு, அனுப்புறேன்" என்றார் அப்பா. மாமா அம்மாவின் தம்பி. மழையில் உப்பளம் மூடிக் கிடக்கும் மாதங்களில் கொட்டகையில் ஆடியே பழகியவர். அப்பாவுக்கு ஆட்டம் தெரியாது.

கடைசியில் மாமாவிடம் ராஜா மட்டும் மிஞ்சியது. என்னிடம் ராஜா, ஒரு பிஷப், ஓரத்துச் சிப்பாய் ஒன்று. அந்தச் சிப்பாய் போய் ராணியாக வேண்டிய மூலையில் மாமா தன் ராஜாவை உட்கார வைத்தார். அது கறுப்புக் கட்டம். என் பிஷப் வெள்ளையில் மட்டுமே ஓடும்.

"டிரா பாப்பா. நீ என்னா பண்ணாலும் இங்கேர்ந்து என்னை எழுப்ப முடியாது."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பாவின் போனில் இருந்த செஸ் ஆப்பில் காய்களை அப்படியே வைத்துக் காட்டினேன். வெள்ளைக்கு, அதாவது எனக்கு, நான்கு புள்ளிக்கு மேல் முன்னிலை என்றது.

"போன் என்னா சொல்லுது?"

"நான்தான் ஜெயிக்கிறேன்னு சொல்லுதுப்பா."

அப்பாவுக்கு அது போதும். அந்தக் கோடையில் வெயில் கொளுத்திய ஒரு நாள், போன் மழை வரும் என்று சொன்னதை நம்பி, அவர் மட்டும் பாத்தியில் இருந்த உப்பை வாரிக் குவித்து ஓலை போட்டு மூடினார். சாயங்காலம் மற்றவர்கள் உப்பெல்லாம் கரைந்தது.

"ஏம்பா, மழையவே சரியா சொன்ன போனு, இதச் சொல்லாதா?" என்றார் மாமாவிடம்.

மாமா போனைப் பார்த்தார். போட்டிக்கு அனுப்ப அப்பா கைநாட்டு வைக்க வேண்டிய பள்ளிக்கூடத்துச் சம்மதக் கடிதம் பக்கத்தில் இருந்தது, அதையும் பார்த்தார். பிறகு ராஜாவைப் படுக்க வைத்தார். "அப்ப தோத்துட்டேன் மாமா" என்றார் அப்பாவிடம். அப்பா கைநாட்டு வைத்தார்.

அந்த ஆப் செய்தது இவ்வளவுதான்: காய்களை எண்ணியது, சில நகர்வுகள் தள்ளிப் பார்த்தது, அங்கேயும் எனக்குக் காய் அதிகமாக இருக்கவே முன்னிலை என்றது. எத்தனை நகர்வு தள்ளிப் போனாலும் ஜெயிக்க வழி இல்லை என்பது அதன் கணக்கில் வரவில்லை. இன்றைய நல்ல புரோகிராம்கள், பலகையில் ஏழு காய்களுக்குள் வந்துவிட்டால், முடிவிலிருந்து பின்னோக்கிக் கணித்து வைத்த பட்டியலைப் பார்த்து டிரா என்று சொல்லிவிடும். இதெல்லாம் நான் கல்லூரியில் தெரிந்துகொண்டது.

அன்றைக்கு மாமாவைத் தோற்கடித்த கதையைத் தெருவெல்லாம் சொன்னேன். கேலி செய்தவர்களிடம் மாமாவும், "ஆமாம்பா, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்று சிரித்தார்.

விழுப்புரம் கிளம்பிய காலை பஸ் ஸ்டாண்டு வரை என் பையைத் தூக்கி வந்தவர், ஜன்னல் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "கடைசில மிஞ்சப்போற பிஷப்போட கலரப் பாத்து வெட்டு, பாப்பா."

தோற்றுப்போனவருக்கு எவ்வளவு வாய் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.