ஊதின எடை

எபினுக்கு முன்பல் இரண்டு கிடையாது. கேட்டால், பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்வான். பொய். ஐஸ் பெட்டியில் வைத்துக் கணவாய் மீன் விற்கிற அவனை, அந்தப் பெட்டியிலிருந்தே எடுத்த ஒரு கணவாயால் இசபெல் மாமி அடித்தாள். உறைந்த கணவாய்க்கும் அம்மிக் குழவிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாற்றம் மட்டும்தான் வேறு.

காரணம் நியாயமானது. எபின் கணவாயை ஐஸ் தண்ணீரில் ஊறப்போட்டு விற்பான். அது தண்ணீர் குடித்து, வெளுத்து, மினுமினுவென்று ஊதிக்கொள்ளும். தராசில் வைத்தால் முள் துள்ளும். மாமி ஒன்றை எடுத்துப் பெருவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, எழும்பவில்லை. பிழிந்தாள். முழங்கை வழியாகத் தண்ணீர் ஓடியது.

“எலே எபின், நான் பைசா குடுத்தது கணவாய்க்கா, கடலுக்கா?”

“ஐஸ் உருகுனா வெள்ளம் வரத்தானே செய்யும், அக்கா?”

“அப்ப பல்லு போனா ரத்தமும் வரத்தான் செய்யும்.”

வந்தது.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைதான் மாமிக்கும் எங்களுக்கும் ஊர். புதுக்கடைச் சந்தையில் மீன் விற்றாள். குடித்துவிட்டு வந்து கையைப் பிடித்தவன் ஒருவன் மூன்று வாரம் இடது கையால் சாப்பிட்டான். கணவர் பிரைட்டன் மாமா அவளுக்கு நேர் எதிர். கடலுக்குப் போவார், வருவார், அலையோடு பேசுகிற அளவுகூட மனிதரோடு பேசமாட்டார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இரண்டு கரு தங்காமல் போயிற்று. மாமாவின் அக்கா லீலாபாய் ஒரு நாள் கிணற்றடியில் வைத்து “மலடி” என்றாள். மாமி மீன் கழுவின குட்டுவப் பாத்திரத்தைத் தண்ணீரோடு அப்படியே அவள் தலையில் கவிழ்த்தாள். செதிலோடும் குடலோடும் லீலாபாய் வீட்டுக்குப் போன அழகை ஊரே பார்த்தது.

மூன்றாவது கரு தங்கியது. ஏழாம் மாதம் தொடங்கும்போது சந்தையிலேயே பனிக்குடம் உடைந்தது. பாதி விற்ற சாளை மீனை அப்படியே போட்டுவிட்டு, மீன் டெம்போவிலேயே நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். பெண் பிள்ளை. ஒரு கிலோவுக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் சொருகி, மெஷின்தான் மூச்சு விட்டது. மாமி பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: “ஒரு கூறு சாளைகூட இதைவிடக் கனம் இருக்கும்.” அப்புறம் சுவரில் தலையை மோதினாள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

தினமும் காலையில் பிள்ளையின் எடையைச் சொல்வார்கள். மறுநாள் குறைந்தது. அதற்கு மறுநாள் இன்னும் குறைந்தது. மூன்றாம் நாள் காலை, நர்ஸ் பிந்து எடையைச் சொல்லிவிட்டு, “டிரிப்ஸ்ல தண்ணியும் அளவாத்தான் போகுது, கூட்டல” என்றாள்.

மாமிக்குத் தெரிந்த உலகத்தில் எடை தானாகக் குறையாது. எவனோ தராசில் கைவைத்தால்தான் குறையும்.

“எனக்க பிள்ளைக்கு வெள்ளம் குடுக்காம கொல்லுதியா, ஏட்டி?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிந்துவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்தினாள். மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து காலடியில் நொறுங்கியது. புருவம் கிழிந்தது. பிடிக்க வந்த செக்யூரிட்டி சுயம்புவின் முன்கையில் மாமியின் பல் பதிந்தது. பிரசவமான உடம்பு, புடவையெல்லாம் ரத்தம். அது யாருடைய ரத்தம் என்று யாருக்கும் தெரியவில்லை.

போலீஸைக் கூப்பிடப் போனவர்களை நிறுத்தியது டாக்டர் கிருஷ்ணமணி. மாமியை நாற்காலியில் உட்காரவைத்து, தான் மேசைக்கு அந்தப் பக்கம், கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசினார். விவரமானவர்.

“பிள்ளை வயித்துக்குள்ள தண்ணியிலதாம்மா கெடந்தது. பிறக்கும்போதே உடம்புல தண்ணி ஜாஸ்தி. முதல் சில நாள்ல அது மூத்திரமா வெளிய போகணும். அது போகுறதுக்கு முன்னால நாம மேல மேல ஊத்தினா நுரையீரல்ல தேங்கும். மெஷின் இன்னும் பலமா காத்தைத் தள்ளணும். அந்தத் தள்ளுல பிஞ்சு நுரையீரல் புண்ணாகும், தழும்பு விழும். பிறகு மாசக்கணக்குல ஆக்சிஜன் இல்லாம இருக்க முடியாது.”

“அதுக்காக காயப்போடுவீங்களா?”

“காயவும் விடல. ரொம்பக் குறைஞ்சாலும் ஆபத்து. ரத்தம் பாத்து, மூத்திரம் பாத்து, அளந்துதான் குடுக்கோம்.”

“அளக்கது யாரு? ஒங்க தராசுதானே?”

அறிவியல் பரீட்சையை இரண்டு தடவை எழுதியவன் நான். கூட நின்று கேட்டதில் எனக்கே பாதிதான் புரிந்தது. டாக்டர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். மாமி இனிக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பிள்ளையைப் பார்க்கலாம் என்று உத்தரவாயிற்று.

மறுநாள் பிந்து வேலைக்கு வந்தாள். சுசீந்திரத்துக்காரி. புருவத்தில் தையல், பழைய கண்ணாடி ஒன்றைத் தேடி எடுத்து மாட்டியிருந்தாள். வேறு வார்டு கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. டாக்டரிடம் ஏதோ பேசிவிட்டு வெளியே வந்து மாமியின் முன்னால் நின்றாள்.

“அக்கா, என்ன அடிச்ச கைய முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க.”

“என்னத்துக்கு?”

“பிள்ளையத் தொட.”

மாமி கழுவினாள். தோல் சிவக்கிற வரைக்கும் கழுவினாள். பெட்டியின் வட்டத் துவாரம் வழியாகக் கையை விட்டாள்.

“பிறந்த அன்னைக்கு இந்தக் காலு எப்பிடி இருந்துச்சு?” என்றாள் பிந்து.

“உருண்டையா... மினுமினுன்னு.”

“இப்ப?”

பாதம் சுருங்கியிருந்தது. வரிவரியாக, தொளதொளத்த தோலுக்குள் ஒரு சின்னக் கால்.

“மெதுவா விரல வைங்க. அமுக்காண்டாம். அன்னைக்கு நான் லேசா தொட்டதுக்கே குழி விழுந்து அப்பிடியே நின்னுது.”

மாமி பெருவிரலை வைத்தாள். ஆயிரம் கணவாயை அழுத்திய விரல். எடுத்துப் பார்த்தாள். குழி இல்லை.

மற்ற பாதத்திலும் வைத்துப் பார்த்தாள்.

“ஏட்டி... அப்ப முதல்ல சொன்னது ஊதின எடையா?”

“ஆமாக்கா. இது பிள்ளைக்க சொந்த எடை.”

“இத அப்பவே பறஞ்சிருந்தா ஒனக்க கண்ணாடி போயிருக்குமா?”

“பறயதுக்குக் கழுத்த விட்டீங்களா?”

கதை இத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் லீலாபாய் வந்தாள். நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு, மாதா சிலை இருக்கும் கெபியிலிருந்து பிடித்துச் சர்க்கரை கரைத்த தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தவள் நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

“எனக்க தம்பி பிள்ளையக் கருவாடாக்கிட்டாளுவளே! ஒரு சொட்டு மாதா தண்ணி நாக்குல விட்டா தெளிஞ்சிரும்.”

தடுத்த பிந்துவைத் தோளால் இடித்துத் தள்ளிக் கதவைத் திறந்துவிட்டாள். பெட்டியின் துவாரத்துக்குள் கை நுழையப் போன நேரத்தில் மாமி அவள் கொண்டையைப் பிடித்தாள். அப்படியே பின்னோக்கி இழுத்து, வார்டுக்கு வெளியே, வராந்தா நெடுக, தண்ணீர் டிரம் வரைக்கும் தரையோடு இழுத்துக்கொண்டு போனாள். லீலாபாயின் கம்மல் எதிலோ மாட்டி, காது இரண்டாகக் கிழிந்தது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பாட்டிலை மாமியின் அடிவயிற்றில் குத்தினாள். மாமியின் பிரசவத் தையல் விட்டது. வராந்தாவில் ரத்தம் கோடு போட்டது. நடுவில் புகுந்த பிரைட்டன் மாமா இரண்டு பக்கமும் சமமாக வாங்கிக்கொண்டார். சுயம்பு தூண் மறைவில் நின்று, கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டே விசில் மட்டும் ஊதினார்.

லீலாபாயின் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு மாமி சொன்னாள்: “ஊத்தினா நெஞ்சுல தேங்கும். தேங்கினா எனக்க பிள்ளைக்க நெஞ்சு கிழியும். அதுக்கு முன்னால ஒனக்கது கிழியும். கேட்டியா?”

கேட்டது. மூன்று மாடிக்கும் கேட்டது. டாக்டருக்கும் கேட்டிருக்க வேண்டும். இந்தத் தடவையும் போலீஸ் வரவில்லை.

பிள்ளையின் எடை பிறகு ஏறியது. எடையைச் சொல்லி நர்ஸுகள் சிரித்தபோதெல்லாம் மாமி முதலில் பாதத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள். ஆனாலும் ஏழாம் மாத நுரையீரல். மெஷினிடம் கொஞ்சம் அடிபட்டுத்தான் இருந்தது. இன்னும் மோசமாகியிருக்கும், இவ்வளவோடு தப்பியது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தபோது மூக்கில் மெல்லிய குழாயும், கூடவே இரைகிற ஒரு ஆக்சிஜன் மெஷினும் வந்தன. அன்றிலிருந்து எங்கள் தெருவில் குப்பை எரியவில்லை. திருவிழா வெடியைக் கொளுத்தப்போனவன் கையில் மாமி வெந்நீரை ஊற்றினாள். கொசுவர்த்தி ஏற்றிய வீட்டின் கதவு இன்னும் ஒரு கீலில்தான் தொங்குகிறது.

போன வாரம் டாக்டர் குழாயைக் கழற்றி, நெடுநேரம் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வேண்டாம் என்று அனுப்பினார். வீட்டில் மெஷின் நின்றதும் தெருவுக்கே காது அடைத்த மாதிரி ஆயிற்று. மாமி பிள்ளையை மடியில் போட்டு, அதன் வாய்ப்பக்கம் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிரைட்டன் மாமா இருமினார். முதுகில் ஒன்று விழுந்தது. அப்புறம் யாரும் இருமவில்லை. நாங்கள் வாசலில் நின்றோம்.

எபின் ஐஸ் பெட்டியோடு பைக்கில் வந்தான். எங்கள் முகத்தைப் பார்த்தான். பைக்கை அணைத்தான். இறங்கி, அவ்வளவு கனத்தையும் மணலில் தள்ளிக்கொண்டு, பல்லில்லாத வாயை இறுக்கி மூடியபடி, மாமி வீட்டைத் தாண்டிப் போனான்.

அவன் தெருமுனையை எட்டியபோது உள்ளே பிள்ளை வீறிட்டது. மூச்சில் இழுப்பு இல்லை, விசில் இல்லை. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, யாரையோ அடிக்கப்போகிறவள் மாதிரி ஒரு அழுகை.

அதன் பிறகுதான் எபின் வண்டியை ஸ்டார்ட் செய்தான்.