மைனஸ் காட்டிய லேசர்

1. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் நாங்கள் லேசர் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில், அந்தோணி அண்ணன் ஒரு லேசரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
2. திரையில் ‘டெம்பரேச்சர்’ என்ற கட்டத்தில் மைனஸ் எண் வந்தது.
3. அவர் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.
4. கண்ணுக்குத் தெரியாத கதிர் அவர் கையிலிருந்த ஸ்பானரில் பட்டுத் திரும்பி வலது கண்ணுக்குள் போனது.

ஏன் கழற்றினார் என்று வெளியாட்கள் கேட்கிறார்கள். பக்கத்து மேசையில் குளிர்ப்பெட்டி இருக்கிறது. பாகங்களை அதில் உறையவைத்துச் சோதிப்போம். அதன் திரையில் மைனஸ் வந்ததும் பெட்டியைத் திறந்தால் பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியாது. அதனால் மைனஸைக் கண்டதும் கழற்றுவது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம்.

லேசரின் மைனஸ் வேறு. அது உள்ளே இருக்கும் அணுக்களின் வெப்பநிலை. ஆற்றல் கொடுத்தால் அணுக்களின் கலைசல், அதாவது ஒழுங்கின்மை, எவ்வளவு கூடுகிறது என்ற கணக்கிலிருந்துதான் வெப்பநிலை வருகிறது. வழக்கமாகப் பெரும்பாலான அணுக்கள் ஆற்றல் குறைந்த கீழ்ப்படியில் இருக்கும். ஆற்றல் கொடுத்தால் சில மேலே ஏறும், கலைசல் கூடும். பாதிக்கு மேல் மேலே போய்விட்டால், அதற்குப் பிறகு கொடுக்கும் ஆற்றல் கலைசலைக் குறைக்கும். அங்கே கணக்கு மைனஸாகிறது. அது குளிர் அல்ல. எந்தச் சூட்டையும்விடச் சூடு. எதைத் தொட்டாலும் அதற்கு ஆற்றலைக் கொடுக்கும். அந்த நிலை வராமல் லேசர் இல்லை.

அண்ணன்மேல் தப்பில்லை என்று மேனேஜரிடம் இதையெல்லாம் சொன்னேன்.

“மைனஸ்னா சூடா? மேலிடத்துல சிரிப்பாங்க லா. கண்ணாடிய கழட்டுனது அவருதானே?”

“நாம எல்லாருமே கழட்டுறோம், பாஸ்.”

“அத ரிப்போர்ட்ல எழுதாத. அப்புறம் உனக்கும் வேலை இருக்காது.”

எழுதினேன். அந்த வரியை அவர் நீக்கிவிட்டு அனுப்பினார்.

ஜெலுத்தோங்கில் அண்ணன் குடியிருக்கும் ஃபிளாட்டுக்கு அவரைப் பார்க்கப் போனேன். அவர் மனைவி மேரி அக்கா கோப்பி கொண்டுவந்தார். கப்பைப் பிடிக்க நீட்டிய அண்ணனின் கை, கப்புக்கு முன்னாலேயே மூடிக்கொண்டது.

“வாங்க இஞ்சினியரம்மா. அந்த மைனஸ் ஜில்லுன்னு இல்லையாமே?”

“இல்லண்ணே. சூட்டுக்கும் மேல.”

“அப்புறம் ஏன் மைனஸ்னு போட்டாங்க, படிச்சவங்க?”

“கணக்கு அப்படித்தான் வருதுண்ணே.”

“கணக்கு சரி தங்கச்சி. கண்ணுதான் போச்சு.”

மேரி அக்கா கப்பை எடுத்து அவர் கையில் வைத்தார்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு எண்ணைப் பார்த்ததும், அது எதனுடைய எண் என்று முதலில் கேளுங்கள். கேட்டால் போதும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அண்ணனின் வலது கண்ணில் நடுப்பார்வை இனி வராது. பாதுகாப்பு விதியை மீறினார் என்று அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவருடைய மேசையில் இப்போது நான் வேலை செய்கிறேன்.