டிரைவ் இல்லாத கம்ப்யூட்டரில் சிடி போட்ட கதை

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு யாரும் நல்ல சேதியோடு வருவதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் "நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா போய்டுச்சி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். உங்களில் யாராவது இதே தொழிலில் இருந்தால், நான் சொல்லாமலே தலையாட்டுவீர்கள்.

கள்ளக்குறிச்சியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் யாகூப் பாயும் சேர்ந்து கடை வைத்திருக்கிறோம். பாய் பிரிண்டரைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். மற்றதெல்லாம் என் தலையில். எனக்குத் தெரியாத கோளாறு இன்னும் பிறக்கவில்லை என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. சமீப காலமாக அந்தத் திமிரை அசைத்துப் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்தான். புது கம்ப்யூட்டர்களில் சிடி போட இடம் கிடையாது. பழைய கம்ப்யூட்டர்களில் இடம் இருந்தாலும் டிரைவ் வேலை செய்வதில்லை. ஆனால் ஜனங்களிடம் சிடி மட்டும் இன்னும் இருக்கிறது.

மறுவீடு முந்திய கல்யாணம்

வெள்ளிமலையிலிருந்து ஒரு வேன் டிரைவர் லேப்டாப்போடு வந்தார். போட்டோ ஸ்டூடியோவில் அவருடைய கல்யாண வீடியோவை டிஸ்க் இமேஜாக ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டிஸ்க் இமேஜ் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு சிடியில் இருப்பதை அப்படியே, அதன் வரிசையும் மெனுவும் மாறாமல், ஒரே ஃபைலாகப் படியெடுத்து வைப்பது. அதை மவுண்ட் செய்தால், தன் வயிற்றுக்குள் நிஜமாகவே ஒரு சிடி இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிவிடும். நம் டிரைவர் மவுண்ட் செய்யவில்லை. ஜிப் ஃபைலைப் பிரிப்பது போலப் பிரித்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு ஃபோல்டரில் கொட்டிவிட்டார். வரிசை போய்விட்டது.

புது விண்டோஸ் லேப்டாப் என்பதால் எனக்கு அது ஒரு நிமிஷ வேலை. இமேஜ் ஃபைலின் மேல் இரண்டு தட்டு தட்டினேன். பிள்ளையார் படத்தோடு மெனு வந்தது. நலங்கு, முகூர்த்தம், மறுவீடு எல்லாம் முறையாக நின்றன. தனியாக எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை. மனுஷன் முகூர்த்தத்தை அங்கேயே நின்று முழுசாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாலி கட்றதுக்கு முன்னாடியே மறுவூடு வந்துட்ச்சின்னு மாமியா வூட்ல ஒரே சிரிப்புண்ணே. இப்பதாண்ணே எனக்கு கல்யாணம் ஆன மாரி இருக்குது."

பளபளக்கும் பக்கத்தில் பொட்டு

ஆயுத பூஜை முடிந்த வெள்ளிக்கிழமை, வசந்தா வந்தார். நைனார்பாளையத்துக்காரர். கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கும் ஒரு எடைமேடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறார். வண்டி மேடையில் ஏறினால் எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சீட்டு அடித்துக் கொடுக்கும் வேலை. அந்த எடை மென்பொருள் பழைய காலத்தது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் டிரைவில் தன் சிடி இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் அசையாது. அதை விற்ற கம்பெனியே இப்போது இல்லை.

பூஜையன்று மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்த வசந்தா, இவ்வளவையும் ஓட்டுகிற சிடிக்கு மட்டும் வைக்காமல் விடுவதாவது என்று அதற்கும் வைத்துவிட்டார். மறுநாள் சிடி ஓடவில்லை. பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்த்து, ஈரத்தோடு திரும்பப் போட்டிருக்கிறார். சந்தனம் லென்ஸில் அப்பி டிரைவும் படுத்துவிட்டது. முதலாளி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாராம்: திங்கட்கிழமை காலையில் மிஷின் ஓடவில்லை என்றால் நீ வேலைக்கு வர வேண்டாம். இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிற சம்பளம் அது. எனக்கு நிஜமாகவே மனசு சங்கடப்பட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "திங்கட்கிழமை ஓடும், போங்க" என்று சொல்லிவிட்டேன். எந்தப் பக்கத்தில் பொட்டு வைத்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "எழுத்து இல்லாத பக்கம் கண்ணாடி கணக்கா பளபளன்னு இருந்துச்சிண்ணே, அதான் மொகம்னு நெனச்சிட்டேன்."

பச்சைப் பொத்தான்

சிடியைப் பஞ்சால் துடைத்து, கடையில் இருக்கும் பழைய டிரைவில் போட்டு, மெதுவாகப் படிக்க விட்டேன். மூன்று மணி நேரம் முக்கி முனகி முழுசாகப் படித்துவிட்டது. இமேஜ் கைக்கு வந்துவிட்டது. கடை டிரைவ் வசந்தாவின் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது, புது டிரைவ் சொன்னால் வந்து சேர ஒரு வாரம் ஆகும். எடைமேடைக் கம்ப்யூட்டரிலோ பழைய விண்டோஸ். அதற்கு இமேஜை மவுண்ட் செய்யத் தெரியாது. ஆகவே அந்த வேலையைச் செய்ய இலவசமாக ஒரு மென்பொருள் வேண்டும்.

இலவசத்துக்கா பஞ்சம்? தேடியதும் நூறு வந்தது. முதலில் வந்த பக்கத்தில் கையகலத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான். அவசரத்தில் அழுத்தினேன். நீங்களும் அழுத்தியிருப்பீர்கள், மறுக்காதீர்கள். மவுண்ட் செய்கிற மென்பொருள் வந்ததோ இல்லையோ, பிரவுசரின் முகப்பு மாறிவிட்டது, மூலையில் ஒரு சீட்டாட்டம் வந்து உட்கார்ந்தது, "உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆபத்து" என்று ஒன்று நிமிஷத்துக்கொரு முறை அலறியது. நல்லவேளை, சோதித்தது எங்கள் கடைக் கம்ப்யூட்டரில். அத்தனையையும் பிடுங்கி எறிய ராத்திரி ஆனது. டோனர் மையோடு எட்டிப் பார்த்த பாய் சொன்னார்: "ஒரு விருந்தாளியத்தான் கூப்ட்ட குணா, அவன் சொந்தபந்தம் மொத்தத்தயும் இட்டுக்கினு வந்துட்டான் பாரு."

மறதிக்காரன்

இரண்டாவதாகக் கிடைத்தது பார்க்க மரியாதையான ஆள். விளம்பரம் இல்லை, கூட்டாளி இல்லை. சனிக்கிழமை எடைமேடைக்கே போய் அதைப் போட்டு, இமேஜை மவுண்ட் செய்தேன். எடை மென்பொருள் சத்தமில்லாமல் திறந்தது. வசந்தா கையெடுத்துக் கும்பிட்டார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தேன்.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. வேலை முடிந்து கிளம்பும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. அணைத்ததும், நான் போட்ட மென்பொருளுக்கு மவுண்ட் செய்தது மறந்துபோய்விட்டது. அதன் சுபாவமே அப்படித்தான், நான்தான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வசந்தாவிடமிருந்து போன்: "சிடிய போடு சிடிய போடுன்னு மறுபடியும் கேட்டுக்கினே கீதுண்ணே, சிடிக்கி நான் எங்க போவேன்?"

நாலு கேள்வி

இந்த முறை நிதானமாக உட்கார்ந்தேன். செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்க முடியுமா? கூட யாரையாவது அழைத்து வருமா? பதினைந்து நாள் கழித்துப் பணம் கேட்குமா? அணைத்துப் போட்டாலும் ஞாபகம் வைத்திருக்குமா? நாலுக்கும் சரியான பதில் சொன்னது, யாரும் சீந்தாத ஒரு குட்டி மென்பொருள். அலங்காரமே இல்லை. அதை எழுதிய மூல நிரலையே யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியில் வைத்திருந்தார்கள். நான் வாசகர்களுக்குச் சொல்வதும் இதுதான்: பளபளப்பாக இருப்பதை விடுங்கள், கேட்டதை மட்டும் செய்கிற சின்னதை எடுங்கள்.

அன்றைக்கே எடைமேடைக்குப் போய் அதைப் போட்டு, எடை மென்பொருளையும் மவுண்ட் செய்த சிடியிலிருந்தே புதிதாக நிறுவினேன். பத்துத் தடவை மெயினை அணைத்து அணைத்துப் போட்டேன். பத்துத் தடவையும் சிடி தானாக வந்து உட்கார்ந்தது. கடைக்குத் திரும்பி, கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுத்த கதையைப் பெருமையாக அளந்தேன். பாய் தலை நிமிராமல் சொன்னார்: "உன் கல்யாணத்துக்குக் கூட நீ இவ்ளோ விசாரிச்சிருக்க மாட்டியேப்பா."

திங்கட்கிழமை காலை

எட்டு மணிக்கே போய்விட்டேன், பாராட்டை நேரில் வாங்கிக்கொள்ள. நெல் ஏற்றிய டிராக்டர் மூன்று, மலையிலிருந்து மரவள்ளி ஏற்றிவந்த மினி லாரி ஒன்று, வரிசையில் நின்றன. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறை வாசலில் நின்றார். வசந்தா ஊதுவத்தி ஏற்றி, மெயினைப் போட்டார். கம்ப்யூட்டர் கிளம்பியது. ஸ்பீக்கரில் சாமி பாட்டு கணீரென்று வந்தது. எடை மென்பொருளைத் திறந்தார். சிடியைப் போடு என்றது.

எனக்கு வியர்த்துவிட்டது. ஒயரை ஆட்டினேன், பழைய மிஷின் என்றேன், கரண்டு சரியில்லை என்றேன். வெளியே ஹாரன் அடித்தார்கள். முதலாளி என்னைப் பார்க்கவில்லை, வசந்தாவையே பார்த்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். என் வாய்க்கொழுப்புக்கு இந்தப் பெண்ணின் வேலை போகப் போகிறது.

வசந்தா மட்டும் பதறவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அண்ணே, நேத்து நீங்க பத்து வாட்டி போட்டப்ப பாட்டு பென்டிரைவ் சொருகலையே. நான் டெய்லி மெயின போடறதுக்கு முன்னாடியே அத சொருகிடுவேன்" என்றார். எனக்குப் பொறி தட்டியது. ஒவ்வொரு டிரைவுக்கும் கம்ப்யூட்டர் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராக வைக்கும். பென்டிரைவ் முதலில் இருப்பதால், நம் சிடிக்கு நான் கொடுத்திருந்த 'ஈ' என்ற எழுத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. சிடி அடுத்த எழுத்துக்குப் போய்விட, எடை மென்பொருள் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கிறது. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் பென்டிரைவைப் பிடுங்கி, அணைத்து, மறுபடி போட்டார். பாட்டு இல்லை. எடை மென்பொருள் திறந்தது. அன்று மதியம் சிடிக்கு யாரும் போட்டிக்கு வராத கடைசி எழுத்தாகக் கொடுத்து, எடை மென்பொருளையும் அங்கிருந்தே மறுபடி நிறுவிவிட்டு வந்தேன் என்பது வேறு விஷயம்.

முதல் டிராக்டர் மேடையில் ஏறியது. திரையில் எடை வந்து நின்றது. ஒரு பொத்தானைத் தட்டினால் சீட்டு வந்துவிடும். வசந்தா தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினார்.

"நாளைக்கி நான் வரணுமா வேணாமா, அத மொதல்ல சொல்லுங்க மொதலாளி. அப்புறமா சீட்டு போடறேன்."

டிராக்டர்காரர் மறுபடியும் ஹாரன் அடித்தார். முதலாளி வேட்டியை இறக்கிவிட்டார், வெளியே நின்ற வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னாம்மா கேள்வி இது, நீ வராம இங்க யாருக்கு இன்னா தெரியுது? போடும்மா சீட்ட."

சக கஷ்டவாளிகளே, இலவச மென்பொருளை எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்டுத் தேர்ந்தெடுங்கள், ஆனால் அதைச் சோதிக்கும் வேலையை அந்த நாற்காலியில் தினமும் உட்காருகிறவரிடம் விட்டுவிட்டு நீங்கள் பேசாமல் டீ குடிக்கப் போய்விடுவதுதான் இத்தனை வருஷத்தில் நான் கண்ட தொழில் ரகசியம்.