மூன்று பேர் படுக்கக்கூடிய பெட்டி

வாரத்தில் ஆறு நாள் என் கட்டிலில் பாதியை எடுத்துக்கொள்ளும் ஒருவர், ஏழாம் நாள் தன் படுக்கையில் எனக்கு ஒரு சாண் இடம் தர மறுத்தால் அதற்கு என்ன பெயர்? எட்டு வயதில் நான் அதற்கு அநியாயம் என்று பெயர் வைத்திருந்தேன். அந்த அநியாயத்தைச் செய்தவர் என் சித்தி.

எண்பதுகளின் கடைசியில், லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். அப்பா அம்மாவுக்கு ஒரு அறை. பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய இரண்டு பையன்கள் நால்வருக்கும் ஒரு அறை. மூன்றாவது, ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும் வைத்த பிறகு கதவு முழுதாகத் திறக்காத சின்ன அறை. அது என்னுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சித்தப்பாவைக் கட்டிய சித்தியை, கல்யாணம் முடிந்த அடுத்த நாளே என் கட்டிலில் கொண்டுவந்து விட்டார்கள். சித்தப்பா பழையபடி முன்னறையில் செற்றி என்கிற நீளக் கதிரையில் படுத்தார். அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. காலையில் அவர் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சித்தி சலவைத் தொழிற்சாலைக்குப் போகத் தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருப்பார்.

கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும், சித்தப்பா தன் பழைய காரின் பின்னால் ஒரு விசித்திரமான சாமானை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கீழே உருளுவதற்குச் சின்னதாக இரண்டு சில்லு. உயரம் அவருடைய நெஞ்சுவரைதான். முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரிந்து, மாங்கொட்டை மாதிரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதைக் கண்ணீர்த்துளி என்று சொல்வார்களாம். எங்கள் வீட்டில் அது பெட்டி. உள்ளே எழுந்து நிற்க முடியாது. ஒரு மெத்தைதான் இருந்தது. பின்பக்க மூடியைத் தூக்கினால் ஒரு காஸ் அடுப்பும் நாலு கோப்பை வைக்க ஒரு தட்டும். சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் அதைக் கொழுவிக்கொண்டு எப்பிங் காட்டுப் பக்கமோ எசெக்ஸ் கடற்கரைக்கோ போய்விடுவார்கள். ஞாயிறு பின்னேரம் திரும்புவார்கள்.

வீட்டில் அது பெரிய பகிடி.

“அகதி முகாமுக்குப் பயந்து ஓடிவந்த சனம், இப்ப தாங்களாப் போய் வயலுக்க கிடக்கினம்,” என்பார் பெரியப்பா.

“வீட்டில இல்லாத எதைக் கண்டிட்டு இதுகள் ஓடுதுகள்?” என்பார் அம்மா.

எனக்கு அது பகிடியாகப் படவில்லை. என் தலையணையில் படுக்கிறவர், என் போர்வையை இழுக்கிறவர், சனிக்கிழமை வந்ததும் எனக்குக் கையசைத்துவிட்டுப் போகிறார்.

ஒரு சனிக்கிழமை விடிந்ததும் நான் பள்ளிக்கூடக் கோட்டைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். சித்தப்பா கெஞ்சினார். சொக்லேட் வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் மெத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதேன். அம்மா வாசலுக்கு வந்தார்.

“பிள்ளை இவ்வளவு ஆசைப்படுது. ஒருக்காக் கூட்டிக்கொண்டு போனால் என்ன? நடுவில போட்டால் படுப்பாள்.”

சித்தி சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா சில்லைப் பார்த்தார். எங்கள் வீடுகளில் அழுகிற பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல வழியே கிடையாது. அதிலும் மூத்தவர் கேட்ட பிறகு, நேற்று வந்த மருமகளால் எப்படிச் சொல்ல ஏலும்?

“ஓம் அக்கா, வரட்டும்,” என்றார் சித்தி.

கடலுக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளி. அங்கே நான் பார்த்தவை எல்லாம் எனக்குப் புதினமாக இருந்தன. வீட்டில் குசினிப் பக்கமே போகாத சித்தப்பா மூடியைத் தூக்கி வைத்து முட்டை பொரித்தார். சித்தி மடக்குக் கதிரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். ஏதோ சொல்லி உரக்கச் சிரித்தார். எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் ஓயாமல் கதைத்தார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை என்ற கோபத்தில் நான் அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். படுக்கும்போதும் நடுவில்தான் படுத்தேன். நான் உதைத்த உதையில் சித்தப்பா எழுந்து போய்க் காருக்குள் படுத்துவிட்டார். காலையில் அவருக்குக் கழுத்து திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் சும்மா இருந்தேனா? பெட்டியில் மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம் என்று எல்லாருக்கும் சொன்னேன். பெரியம்மா உடனே, “அப்ப வாற சனி என்ர மூத்தவனைக் கொண்டுபோங்கோ,” என்றார். அடுத்த வாரம் இளையவன். பிறகு யார் எந்த வாரம் என்று நாங்கள் மூவரும் சண்டை பிடித்து முறை வைத்துக்கொண்டோம். சித்தி ஒவ்வொரு சனியும் மூன்றாவது தலையணை ஒன்றையும் பெட்டிக்குள் வைத்தார்.

இன்றைக்கு நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வீட்டில் அவர்களைவிட இன்னும் நாலு பெரியவர்கள் இருந்தார்கள். என்னை அம்மாவின் அறையில் ஒரு பாயில் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அதைக் கேட்க அந்த இரண்டு பேருக்கும் வெட்கம். கேட்காமல் கொடுக்க மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. பகிடி விட மட்டும் வந்தது. பிள்ளைகளை முறை போட்டு அனுப்பவும் வந்தது.

அன்றைக்கு என் கோபம் வேறு. என் இரண்டாவது முறை வருவதற்கு முதல் நாள், யாரோ ஒரு வெள்ளைக்காரர் வந்து பெட்டியைத் தன் காரில் கொழுவிக்கொண்டு போனார். நான் சித்தியிடம் ஓடினேன். அவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“ஏன் சித்தி வித்தனீங்கள்?”

“அதில இடம் காணாதம்மா,” என்றார், நிமிராமல்.

இப்படியொரு பொய்யைச் சொல்லுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவருக்கு முன்னால் நிலத்தில் குந்தி, நான் எங்கே படுத்தேன், அவர் எங்கே படுத்தார், இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருந்தது என்று விரலால் கீறிக் காட்டினேன்.